தேநீர் இடைவேளைக்குத் தேர்வுக்குழு உண்டா?

வடிவமைப்பு மாநாடுகளுக்குச் சென்று திரும்பும் மூத்த ஆய்வாளர்கள் தவறாமல் ஒன்று சொல்வார்கள்: உண்மையான மாநாடு அரங்கத்துக்கு வெளியேதான் நடக்கிறது, தேநீர் இடைவேளையிலும் இரவு விருந்திலும் கிடைப்பது எந்த அமர்விலும் கிடைப்பதில்லை. இதை நான் மறுக்கவில்லை. முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். என் எதிர்ப்பு தொடங்குவதே இந்த ஏற்பிலிருந்துதான்.

சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதிய கட்டுரை ஒன்று இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. வேலை குறித்த செய்தி நெருங்கிய நண்பர்களைவிட மேலோட்டமாக அறிமுகமானவர்கள் வழியாகவே மிகுதியாக வந்து சேர்கிறது என்பது அதன் சாரம். மாநாட்டின் 'நெட்வொர்க்கிங்' அமர்வை நியாயப்படுத்த இதைவிட வலுவான சான்று இல்லை. ஆனால் இதே சான்று இன்னொன்றையும் சொல்கிறது. அறிமுகம் என்பது வாய்ப்பு என்றால், அறிமுகத்துக்கான இடம் வாய்ப்பைப் பங்கிடும் இடம். ஆய்வுக் கட்டுரையைப் பெயர் மறைத்து மதிப்பிடுகிறோம். அந்த நேர்மை அரங்க வாசலோடு நின்றுவிடுகிறது. விருந்து மேசையில் பெயரும் ஊரும் நெறியாளரும் நிறுவனமும்தான் முதலில் மதிப்பிடப்படுகின்றன.

மொழியியல் பயில்பவர்களுக்கு மலினோவ்ஸ்கி 1923இல் முன்வைத்த கருத்து நினைவிருக்கும். செய்தி சொல்வதற்காக அன்றி, உறவைப் பேணுவதற்காகவே நிகழும் பேச்சை அவர் தனியே அடையாளம் கண்டார். "சாப்பாடு ஆயிற்றா?" என்று கேட்பவர் உணவுக் கணக்கு எடுப்பதில்லை. இத்தகைய பேச்சு ஒவ்வொரு சமூகத்திலும் ஒவ்வொரு வடிவம் கொண்டது. பாடநூலில் வராதது, பழக்கத்தில் மட்டுமே வருவது. வாளையாரிலிருந்து கோவைக்கோ பாலக்காட்டுக்கோ சென்று படிக்கும் முதல் தலைமுறை மாணவி, இருபது நிமிட ஆங்கில உரையைத் தயாரித்துத் திறம்பட வழங்கிவிடுவாள். உரை முடிந்ததும், கையில் கோப்பையோடு நிற்கும் வட்டத்துக்குள் எந்தச் சொல்லோடு நுழைவது என்பதை எந்த வகுப்பும் அவளுக்குக் கற்பிக்கவில்லை. அங்கே அவளுடைய மௌனம் தகுதிக் குறைவாகப் படிக்கப்படுகிறது. குறைந்திருப்பது அறிவன்று, ஒரு வர்க்கத்தின் பேச்சுப் பழக்கம்.

தமிழில் நடத்திவிட்டால் தீர்ந்தது என்று யாரும் மகிழ வேண்டாம். நம் மாநாடுகளில் நெட்வொர்க்கிங் என்ற சொல் இல்லை, பொன்னாடை இருக்கிறது, குழுப் படம் இருக்கிறது, "எந்த ஊர்? யாருடைய மாணவர்?" என்ற விசாரணை இருக்கிறது. அந்த இரு கேள்விகளுக்குப் பின்னால் மூன்றாவது கேள்வி ஒன்று கேட்கப்படாமலே நிற்கும். அது என்ன சாதி என்பதுதான். ஆங்கில வட்டம் வர்க்கத்தால் வடிகட்டுகிறது. நம் வட்டம் ஊரின் பெயரால் வடிகட்டுகிறது.

எழுத்துருவியல் போன்ற துறையில் இது மரியாதைப் பிரச்சினை மட்டுமன்று. இன்று நம் கைப்பேசிகளில் இருக்கும் தமிழ்99 விசைப்பலகை, 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ் இணைய மாநாட்டின் விளைவு. 2010இல் கிரந்தத்தை யூனிகோடில் சேர்க்கும் முன்மொழிவில் எ, ஒ, ழ, ற, ன ஆகிய தமிழ் எழுத்துகளும் இடம்பெற்றிருந்தன. தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்த பிறகு, 2014இல் அவை இல்லாமலேயே கிரந்தம் யூனிகோடில் இடம்பெற்றது. வாளையாரின் இருபுறமும் எழுத்து மாறியது: கேரளத்தில் 1971இல், தமிழ்நாட்டில் 1978இல், அரசாணையால். எழுத்தின் வடிவத்தைக் கூடிப் பேசும் சிலர் தீர்மானிக்கிறார்கள். கோடிக்கணக்கானோர் அதை எழுதுகிறார்கள். அந்தச் சிலர் எங்கே, எப்படி அறிமுகமாகிறார்கள் என்பது பொதுக் கேள்வி.

இந்தக் கூடுகைகளின் மிகக் கசப்பான காட்சி, பலகை ஓவியரின் வருகை. ஃபிளெக்ஸ் அச்சு அவருடைய பிழைப்பைப் பறித்த பிறகு, மாநாட்டு மாலை நிகழ்ச்சியில் அவரைத் தூரிகையோடு நிறுத்துகிறார்கள். பேராளர்கள் சுற்றி நின்று படம் எடுக்கிறார்கள். அவர் எழுதிக் காட்டுகிறார். அவரைப் பேச அழைப்பதில்லை. இரு மொழிப் பெயர்ப்பலகையில் தமிழின் ழகரமும் மலையாளத்தின் ழகரமும் ஒரே வரிசையில் இடறாமல் நிற்க அளவை எப்படி மாற்றுவது என்பதை எல்லைப்புற ஓவியர் கையால் அறிவார். அது அறிவு என்றால் அவருக்கு உரை அமர்வு வேண்டும். ஹனிஃப் குரேஷி தொடங்கிய 'ஹேண்ட்பெயின்டட் டைப்' திட்டம் எழுத்துருக்களுக்கு அவற்றை வரைந்த ஓவியர்களின் பெயரையே சூட்டியது. பெயர் சூட்டுவது முதல் படி. மேடை தருவது அடுத்தது.

மாநாட்டின் சமூக நிகழ்ச்சிகளில் அரசியல் பேசக் கூடாது என்போர் வரலாற்றைப் பார்க்கட்டும். 1970இல் அமெரிக்காவின் ஆஸ்பென் வடிவமைப்பு மாநாட்டில் மாணவர்களும் சூழலியலாளர்களும் தங்கள் தீர்மானங்களை வாக்கெடுப்புக்கு விடச் செய்தனர். தலைவர் எலியட் நாய்ஸ் பதவி விலகினார். மலையோர விடுமுறைக் கூடுகை போல நடந்துவந்த மாநாடு தன்னையே கேள்வி கேட்க நேர்ந்தது. 1979இல் அகமதாபாத்தில், தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் கூடிய பன்னாட்டு மாநாடு, உள்ளூர்த் தேவைகளுக்கு உள்ளூர்த் திறன்களையும் மரபுகளையும் கொண்டு விடை தேட வேண்டும் என்று அறிக்கை வெளியிட்டது. அந்த அறிக்கையை மேற்கோள் காட்டாத வடிவமைப்பு ஆசிரியர் அரிது. ஆனால் உள்ளூர்த் திறன் நம் விருந்து மேசையில் உட்காருவதும் அரிது.

சந்திப்புகளை ஒழிக்கச் சொல்லவில்லை. அவற்றை மாநாட்டின் கல்விப் பகுதியாகக் கருதி, அதே பொறுப்போடு நடத்தச் சொல்கிறேன். விருந்துக்குத் தனிக் கட்டணம் வேண்டாம். பதிவுக் கட்டணத்துக்குள் அடங்கட்டும். மேசைகளில் இருக்கைகளைக் குலுக்கல் முறையில் ஒதுக்குங்கள். துறைத்தலைவரும் முதலாண்டு ஆய்வாளரும் அருகருகே அமரட்டும். விடுதி வாயில் மூடும் நேரமும் கடைசிப் பேருந்தின் நேரமும் தெரிந்த பிறகு நிகழ்ச்சி நிரலை எழுதுங்கள். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கும் சந்திப்பு பெரும்பாலான மாணவியரைச் சொல்லாமலே வெளியேற்றுகிறது. பலகை ஓவியருக்கும் அச்சுத் தொழிலாளருக்கும் சிறப்பு விருந்தினருக்குரிய அதே மதிப்பூதியமும் ஒலிவாங்கியும் கொடுங்கள். அறிமுகப் பேச்சு எந்த மொழியிலும் நடக்கலாம் என்று அறிவித்தால் போதாது. மொழிபெயர்த்து உதவ ஒவ்வொரு மேசையிலும் ஒருவரை அமர்த்துங்கள்.

இவற்றுக்குப் பெருஞ்செலவு ஆகாது. ஆனால் யார் யாரை அறிவது என்பதை இதுவரை தற்செயலுக்கு விட்டதாகச் சொல்லிவந்தவர்கள் அந்தத் 'தற்செயலை' இழக்க நேரும். அதனால்தான் தயக்கம். ஒரே கல்லூரியின் மாணவர்களையே ஒவ்வோராண்டும் ஒரே மேசைக்கு அழைத்து வருகிற ஒன்றைத் தற்செயல் என்று சொல்லக் கூடாது. அதற்குத் தேர்வு என்று பெயர். தேர்வு என்றால் அதற்கு விதிகள் வேண்டும்.