தறியில பெட்டி மாட்டினா தப்பா?

எலக்ட்ரானிக் ஜக்கார்டு மாட்டிட்டா அது கைத்தறியே இல்லையாம். காஞ்சிபுரத்துப் பட்டைப் பத்திப் பேச்செடுத்தாலே யாராச்சும் இதை ஆரம்பிச்சுடறாங்க. என்னங்க நியாயம் இது?

பழைய கம்ப்யூட்டர் பைத்தியமான எனக்கு அமிகா ஞாபகம்தான் வருது. 1986-ல கமடோர் கம்பெனி அமிகா 1000-க்கு 'சைட்கார்'னு ஒரு பெட்டி விட்டாங்க. பக்கவாட்டுல சொருகினா, உள்ள இருக்குற 8088 சிப்புல டாஸ் ஓடும். அமிகா அமிகாவாவேதான் இருந்துச்சு, கூடவே பி.சி. வேலையும் செஞ்சுது.

தறியிலயும் அதே கதைதான். துளை போட்ட அட்டைக்குப் பதிலா டிசைன் பென்டிரைவ்ல வருது. எந்தப் பாவு இழை மேல போகணும்னு பெட்டி சொல்லுது. கோர்வை போடறது கைதான். (அந்த அட்டை ஜக்கார்டே 1804 வாக்குல பிரான்ஸ்ல பொறந்த சரக்கு, நம்ம முப்பாட்டன் சொத்து இல்ல!) 1985 கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டப்படியும் விசைத்தறி அல்லாததெல்லாம் கைத்தறி. மோட்டார் வச்சு நாடாவையும் ஓட்டினா சொல்லுங்க, சண்டைக்கு நானும் வரேன்.

பழைய முறையில ஒரு பூவை மாத்தணும்னா அட்டையைத் திரும்பத் துளைச்சு, கோர்த்து, மேல ஏத்தணும். அந்தச் செலவு யார் தலையில? பெட்டிக்குக் காசு யாரு போடறது? டிசைன் ஃபைல் நெசவாளி கையிலயா, முதலாளி கையிலயா? பிள்ளையார்பாளையத்துல போய் சண்டை போடணும்னா அதுக்குப் போடுங்க சாமி.