அந்துருண்டையைத் தூக்கி வீசுங்கய்யா!

மக்களே, இன்னைக்குக் கொஞ்சம் சூடான பதிவு. பொட்டி தட்டுறவனுக்குக் கம்பளியைப் பத்தி என்னடா தெரியும்னு கேக்கறவங்க அப்படியே அடுத்த பதிவுக்கு நகர்ந்துடலாம். மத்தவங்க உக்காருங்க.

எங்க ஊர் ஆமத்தூர். விருதுநகர்ல இருந்து சிவகாசி போற ரோட்டுல இருக்கு. அந்த வெயில் காட்டுல கம்பளி எதுக்குன்னு நீங்க கேட்டா நியாயம்தான். எங்க பக்கத்து வேம்பூர் ஆட்டுக்கே உடம்புல இருக்கறது குட்டை முடிதான், நூற்கிற மாதிரி கம்பளி கிடையாது. ஆட்டுக்கே வேண்டாத சாமான்! ஆனாலும் பாருங்க, வீட்டுக்கு ஒண்ணு இருக்கும். ஊட்டி டூர்ல வாங்கினது, பட்டாசு ஆர்டர் பிடிக்க வடக்கே போன சித்தப்பா கொண்டாந்தது... மார்கழி, தை ரெண்டு மாசம் வெளிய வரும். மிச்சம் பத்து மாசம் டிரங்குப் பெட்டிக்குள்ள தூக்கம். துணைக்கு நாலு அந்துருண்டை.

அந்த நாலு உருண்டையைத்தான் இன்னைக்குத் திட்டப் போறேன்.

அந்துருண்டை, பாச்சா உருண்டை, ரசகற்பூரம் என்று ஊருக்கு ஒரு பேர். (சித்த மருத்துவத்துல ரசகற்பூரம்னா பாதரசச் சரக்கு, அது வேற!) பேர்ல கற்பூரம் ஒட்டிக்கிட்டதால இதுவும் ஏதோ சாமி சமாச்சாரம், முன்னோர் சொத்துன்னு பல பேர் நினைப்பு. கிடையவே கிடையாது. இது நாப்தலீன். நிலக்கரித் தாரில் இருந்து எடுப்பது. மரத்துல இருந்து வந்த கற்பூரத்துக்கும் இதுக்கும் ஸ்நானப் பிராப்தி கூடக் கிடையாது.

சரி, வேலையாவது செய்யுதா? இங்கதான் கூத்து. நாப்தலீன் திடப்பொருளா இருந்து நேரா ஆவியாகும். அந்த ஆவி மூடிய பெட்டிக்குள்ள நல்லா அடர்த்தியா நிறைஞ்சாத்தான் புழு சாகும். சந்தும் பொந்துமா இருக்கற பீரோவுல நாலு உருண்டை போட்டா அந்த அடர்த்தி வராது, வாசனைதான் வரும். புழு மூக்கைப் பிடிச்சுக்கிட்டுத் தன் சாப்பாட்டைத் தொடரும். மாறா, காத்துப் புகாத பெட்டியில நிறையப் போட்டா புழு சாகும்தான். ஆனா அந்த அடர்த்தி மொத்தமும் பெட்டியைத் திறக்கும்போது உங்க மூக்குக்கு வரும், கம்பளியில ஊறினது ராத்திரி பூரா உங்க கூடவே படுக்கும். ஆக, ஒண்ணு பிரயோஜனம் இல்லை, இல்லேன்னா விஷம். நடுவுல ஒரு நல்ல அளவு இருக்குன்னு யாராவது நிரூபிங்க, நான் பதிவை எடுத்துடறேன்.

இதெல்லாம் பெரியவங்க விஷயத்துல போனாப் போகுதுன்னு விடலாம். என் கோபம் பச்சைக் குழந்தைகளைப் பத்தி.

ரத்தச் சிவப்பணுக்களைக் காப்பாத்தற ஜி6பிடி என்று ஒரு நொதி உண்டு. சில குழந்தைகளுக்குப் பிறவியிலேயே அது குறைவு. எக்ஸ் குரோமோசோம் வழியா வர்றதால பெரும்பாலும் ஆம்பளைப் பிள்ளைகளுக்கு. இந்தக் குழந்தைகள் உடம்புல நாப்தலீன் போனா சிவப்பணுக்கள் சடசடன்னு உடையும். மஞ்சள் காமாலை ஏறும். ரொம்ப ஏறினா மூளையைத் தாக்கும். 1963-ல் கிரேக்க மருத்துவர்கள் எழுதின கட்டுரை ஒண்ணு இருக்கு: நாப்தலீன் ஆவி பட்டு ரத்தம் உடைஞ்ச 21 குழந்தைகள். அதுல 2 பேர் செத்துப் போனாங்க. அவங்க யாரும் உருண்டையை விழுங்கலை சாமி, மூச்சுதான் விட்டாங்க. ஐரோப்பிய யூனியன் 2008-லேயே இந்த உருண்டை விற்பனையைத் தடை பண்ணியாச்சு. நம்ம ஊர்ல மளிகைக் கடையில, ஊதுபத்திக்குப் பக்கத்துல தொங்குது.

அக்கா பிரசவத்துக்கு வந்திருந்தப்ப இதே பஞ்சாயத்து எங்க வீட்டுல நடந்துச்சு. பிள்ளைக்குக் குளிருமேன்னு அப்பத்தா பெட்டியைத் திறந்தாங்க, வாசனை தெருமுனை வரைக்கும் போச்சு. வேண்டாம்னு நான் சொன்னதுக்குக் கிடைச்ச பதில்: "நீயும் உங்க அக்காவும் இதுலதானடா உருண்டு வளந்தீங்க, இப்ப என்ன கொறைஞ்சா போச்சு?"

இதுதான் எல்லா வீட்டுலயும் வர்ற பதில். எங்களுக்கு நொதி ஒழுங்கா இருந்துச்சு, பிழைச்சோம். அவ்வளவுதான் அதுக்கு அர்த்தம். பிறக்கற எல்லாப் பிள்ளைக்கும் இந்தச் சோதனை செய்யணும்னு நம்ம நாட்டுல கட்டாயம் இல்லை. எந்தப் பிள்ளைக்குக் குறைன்னு காமாலை வந்த பிறகுதான் தெரியும். அந்தப் பிள்ளைக்குத் துவைச்ச பழைய வேட்டி ரெண்டு போதும். போதாதா? ஆமத்தூர் குளிருக்கு அதுவே அதிகம்!

எனக்கு ஆத்திரம் என்னன்னா, ரசாயனம்னா என்னன்னு தெரியாத ஊரா எங்க ஊரு? குளோரேட்டையும் கந்தகத்தையும் சேர்க்கக் கூடாதுன்னு 1992-லேயே சட்டம் வந்தாச்சு, பட்டாசு ஆலைக்குப் போற அக்காமாருங்க அதுக்கு விளக்கமே சொல்லுவாங்க. அலுமினியப் பொடியில ஈரம் பட்டா என்ன ஆகும்னு எட்டாங்கிளாஸ் பையன் சொல்லுவான். அதே ஊர்ல, கூட்டுப்பொருள் எதுன்னு ஒழுங்கா அச்சடிக்காத பாக்கெட்டை வாங்கிப் பிள்ளைத் துணிக்குள்ள போடறோம்.

இன்னொரு காமெடி. உங்க கம்பளி நிஜமாவே கம்பளியா? இப்ப பளபளன்னு வர்ற மிங்க் போர்வை எல்லாம் பாலியஸ்டர். அதைப் புழு தின்னாது. அதுக்கும் உருண்டை போடற புண்ணியவான்கள் உண்டு! ஓரத்துல ஒரு நூலை உருவி, இடுக்கியில பிடிச்சு, நம்மூர் தீப்பெட்டியால பத்த வைங்க. முடி கருகற நாத்தம் வந்து, சாம்பல் விரல்ல நசுங்கினா கம்பளி. உருகி உருண்டு கெட்டியா மணியாட்டம் நின்னா பிளாஸ்டிக். (தயவு செஞ்சு பட்டாசுக் கட்டு அடுக்கின ரூம்ல இந்த ஆராய்ச்சி வேணாம்.)

நிஜக் கம்பளின்னா, எதிரி யாருன்னு தெரிஞ்சுக்கோங்க. பறக்கற அந்து துணியைத் தின்னாது, அதுக்கு வாயே ஒழுங்கா கிடையாது. தின்னறது அது போட்ட முட்டையில இருந்து வர்ற புழு. அப்புறம் கம்பள வண்டோட ரோமப் புழு. ரெண்டுக்கும் வேர்வை, எண்ணெய், எச்சில் பட்ட இடம்னா விருந்து. இருட்டும், யாரும் தொடாத அமைதியும் வேணும். கெடை போடற கீதாரி தோள்ல கிடக்கற கறுப்புக் கம்பளியைப் பாருங்க, அதுல எந்த உருண்டையும் கிடையாது. தினம் உதறி, தினம் வெயில் காட்டினா புழு எங்க குடித்தனம் பண்றது?

அதனால தை முடிஞ்சதும் மிதமான சோப்பில, பச்சைத் தண்ணியில அலசுங்க. முறுக்கிப் பிழியாதீங்க. நிழல்ல காயட்டும், ஈரம் துளி கூட இருக்கக் கூடாது, இருந்தா பூஞ்சை பிடிக்கும். அப்புறம் சித்திரை வெயில்ல மொட்டைமாடியில, கறுப்புப் பாலித்தீன் பைக்குள்ள அதிகம் மடிக்காம, தட்டையா பரப்பி வைங்க, மத்தியானம் ஒரு தடவை திருப்பிப் போடுங்க. 50 டிகிரிக்கு மேல் சூடு உள்ளே வரைக்கும் போய் நின்னா முட்டையும் புழுவும் பிழைக்காது. அந்தச் சூட்டைத்தான் நமக்கு ஆண்டவன் ஓசியில குடுத்திருக்கானே. ஆறினதும் மடிச்சு கெட்டியான பையில போட்டு, வாயை டேப் போட்டு ஒட்டுங்க. ஆடி மாசம் ஒரு தடவை பிரிச்சு உதறுங்க. வேலை முடிஞ்சது. செலவு டேப் மட்டும்.

வேப்பிலைக் கோஷ்டி வருவீங்கன்னு தெரியும். போடுங்க, பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா காய்ஞ்ச நாலு இலை புழுவைக் கொல்லும்னு நம்பித் துவைக்காம விட்டீங்கன்னா, அடுத்த மார்கழிக்கு வலை மாதிரி ஒரு கம்பளி கிடைக்கும். மீன் பிடிக்கலாம்.

பி.கு.: வீட்டுல இருக்கற உருண்டைகளைக் குப்பையில அப்படியே கொட்டாதீங்க. மிட்டாய்னு நினைச்சுப் பிள்ளைங்க வாயில போட்டுடும். டப்பாவுல இறுக்கி மூடிப் போடுங்க. ஹோட்டல் வாஷ்பேசின்ல உருளுதே, அந்த உருண்டையைப் பத்தித் தனிப்பதிவு வரும்.