மார்க் தெரிகிறது, வீட்டின் கணக்கு தெரியவில்லையே!

பள்ளியில் புவி வெப்பமடைதல் பற்றிப் புராஜெக்ட் என்றால் நாம் என்ன செய்கிறோம்? தெர்மாகோல் வாங்கிவந்து, நள்ளிரவு வரை உட்கார்ந்து பூமி உருண்டைக்குப் பச்சை பெயின்ட் அடித்துத் தருகிறோம். மறுநாள் அதைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, பள்ளி வாசலில் இன்ஜினை அணைக்காமல் ஏசியில் உட்கார்ந்திருக்கிறோம். பிள்ளைகள் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கணக்குப் பரீட்சையில் அரை மார்க் குறைந்தால் டீச்சரிடம் போய் நிற்கிறோம். நம் வீடு எத்தனை கிலோ கரியமில வாயு விடுகிறது என்று கேட்டால் வாய் திறப்பதில்லை. இதற்கு ஐந்தாம் வகுப்புப் பெருக்கல் போதும், பெற்றோர்களே!

கரண்ட் பில்லை எடுங்கள். நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பங்கு இன்னும் நிலக்கரியிலிருந்து வருவதால் யூனிட்டுக்குச் சுமார் 0.7 கிலோ. பெட்ரோல் லிட்டருக்கு 2.3 கிலோ. 14.2 கிலோ கேஸ் சிலிண்டர் ஒன்று தீர்ந்தால் சுமார் 42 கிலோ. முக்கால் கிலோ எடைகூட இல்லாத ஒரு லிட்டர் பெட்ரோலிலிருந்து இவ்வளவு எப்படி வரும் என்று பிள்ளை கேட்கும், கேட்கட்டும். எரியும்போது பெட்ரோலில் உள்ள கார்பன் காற்றிலிருந்து ஆக்சிஜனை இழுத்துச் சேர்த்துக்கொள்கிறது, அதனால் எடை கூடுகிறது.

கணக்குப் போட்டால்தான் எது பெரிது என்று புரியும். கோடையில் ஏசி ஓடி, இரண்டு மாத பில்லில் 500 யூனிட் கூடினால் அது மட்டுமே 350 கிலோ. எட்டு சிலிண்டர் எரித்ததற்குச் சமம்! இது தெரியாமல், செல்போன் சார்ஜரை அணைக்கவில்லை என்று பிள்ளையை அதட்டுகிறோம். சார்ஜர் இழுப்பது சொற்பம். ஏசியை 18-ல் வைத்துவிட்டுப் போர்வை போர்த்திக்கொள்வது யார்? 24-ல் வைத்து ஃபேனைப் போட்டால் தூக்கம் வராதா?

சாப்பாடு, துணி, விமானப் பயணம், வீடு கட்டிய சிமென்ட் எதுவும் இந்தக் கணக்கில் இன்னும் சேரவில்லை. ‘அமெரிக்காக்காரன் குறைக்கட்டும், நாம் விடுவது கொஞ்சம்தானே’ என்று சிலர் சொல்கிறார்கள். சராசரி இந்தியர் ஆண்டுக்குச் சுமார் 2 டன், அமெரிக்கர் அதைப்போல ஏழு மடங்கு என்பது உண்மைதான். ஆனால் அந்த 2 டன் சராசரியில் ஏசியோ காரோ இல்லாத கோடிக்கணக்கான வீடுகளும் அடக்கம். அவர்களுக்குப் பின்னால் நாம் ஒளிந்துகொள்வது அநியாயம்.

அடுத்த முறை ரீடிங் எடுக்க வரும்போது பிள்ளையை மீட்டர் பக்கத்தில் நிறுத்துங்கள். பெருக்கலை அவர்களே போடட்டும். விடையைப் பார்த்துவிட்டு ஏசியைப் பற்றியோ காரைப் பற்றியோ கேட்டால் அதட்டாமல் பதில் சொல்லுங்கள்.