'இவன் சாப்பிட மாட்டான்' என்று சொல்லாதீர்கள்!

"டாக்டர், இவன் சாப்பிடவே மாட்டான். படிப்பும் ஏறாது. சுத்த மந்தம்!"

என் எதிரில் உட்கார்ந்து எத்தனையோ தாய்மார்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்போது பையன் பக்கத்திலேயேதான் நிற்பான். 'நாம அப்படித்தான் போலிருக்கு' என்று தலையைக் குனிந்து கொள்வான்.

சாப்பிட மாட்டான் என்று முடிவு கட்டிவிட்ட அம்மா என்ன செய்கிறார்? பசி எடுக்கும் முன்பே கிண்ணத்தோடு பின்னால் ஓடுகிறார். 'இதையாவது தின்னட்டும்' என்று பிஸ்கட்டை நீட்டுகிறார். பிஸ்கட் தின்ற வயிற்றில் சோறு எப்படி இறங்கும்? தட்டு அப்படியே திரும்பி வருகிறது. "பார்த்தீங்களா, நான் சொல்லலே?" என்கிறார். சொன்னது பலித்துவிட்டது. பலிக்க வைத்தது யார்?

படிப்பிலும் இதே கதைதான். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் உள்ள ஓர் ஆரம்பப் பள்ளியில், 1960-களில் ராபர்ட் ரோசெந்தால் என்ற உளவியல் அறிஞரும், பள்ளி முதல்வர் லெனோர் ஜேக்கப்சனும் ஒரு சோதனை செய்தார்கள். பிள்ளைகளுக்குத் தேர்வு வைத்துவிட்டு, சுமார் ஐந்தில் ஒரு பங்கு பெயர்களை ஆசிரியர்களிடம் கொடுத்து, 'இவர்கள் இந்த வருஷம் நன்றாக முன்னேறுவார்கள்' என்றார்கள். உண்மையில் அவை சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி எடுத்த பெயர்கள்! வருஷக் கடைசியில் மறுபடி தேர்வு. ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட அதிகம் முன்னேறியிருந்தார்கள். 1968-ல் இது புத்தகமாக வந்தது. இதன் கணக்கைக் குறை சொன்னவர்களும் உண்டு. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் சிறிய அளவிலேயே தெரிந்தது. ஆனால் சின்னப் பிள்ளைக்கு அந்தச் சிறிய அளவும் பெரிசுதானே?

ஊருக்கு உபதேசம் செய்யும் நான் மட்டும் என்ன ஒழுங்கா? 'இவராவது, பத்தியமாவது!' என்று மனசுக்குள் நினைத்து, தோல் நோய்க்கு வந்த ஒருவருக்கு மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பினேன். எதைத் தள்ள வேண்டும், ஏன் என்று விளக்கவில்லை. பத்தியம் இருக்காமல்தான் திரும்பி வந்தார். தப்பு என்னுடையது. உட்கார வைத்துப் பத்து நிமிஷம் பேசினேன். அடுத்த முறை வந்தபோது, "கருவாடு தொட்டு ஒரு மாசமாச்சுங்க" என்றார் பெருமையாக.

இதற்காக, பிள்ளை எடை குறைந்தாலும் 'தானா சரியாகும்' என்று இருந்துவிடாதீர்கள். குடற்புழு, ரத்தசோகை இருக்கிறதா என்று பாருங்கள். படிப்பில் பின்தங்கினால் கண், காது இரண்டையும் பரிசோதியுங்கள். குறையை டாக்டரிடம் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் பிள்ளையை வெளியே உட்கார வைத்துவிட்டுச் சொல்லுங்கள்.

இன்று சாயங்காலம் பிஸ்கட் டப்பாவை மேலே ஏற்றி வையுங்கள். ராத்திரி எல்லோரோடும் அவனையும் உட்கார வைத்து, "உனக்கு எவ்வளவு வேணும்டா கண்ணு?" என்று கேட்டுப் பரிமாறுங்கள். போதும் என்றால் விட்டுவிடுங்கள். ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு என்னிடம் வாருங்கள்.