இளம் விண்மீன்களின் ஒளியைத் தூசி எவ்வளவு மறைக்கிறது? அளப்பது எப்படி?

பால்வெளியின் தூசி இடத்துக்கு இடம் எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும் முப்பரிமாண வரைபடம் 2025-ல் 'சயின்ஸ்' இதழில் வெளியானது. கையா விண்கலம் அளந்த 13 கோடி விண்மீன்களின் ஒளியே இதற்கு அடிப்படை. தூசிக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடல்?

எப்படி அளக்கிறார்கள்?

தூசி நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் தடுக்கும். நிறமாலையை வைத்து விண்மீனின் வெப்பநிலையைக் கண்டுபிடித்தால், அதன் இயல்பான நிறம் தெரிந்துவிடும். நமக்குத் தெரியும் நிறமோ அதைவிடச் சிவப்பு. இந்த வித்தியாசத்தைச் சராசரியாக 3.1-ஆல் பெருக்கினால், ஒளி எத்தனை மேக்னிட்யூட் குறைந்தது என்று வந்துவிடும். 5 மேக்னிட்யூட் என்றால் 100 மடங்கு.

சிக்கல் எங்கே?

3.1 எல்லா இடத்துக்கும் செட் ஆகாது. சுமார் 1,300 ஒளியாண்டு தொலைவில் உள்ள ஓரியன் நெபுலாவின் டிரபீசியம் விண்மீன்களுக்கு அது சுமார் 5.5. காரணம், அங்கே தூசித் துகள்கள் பெரியவை. நிற வித்தியாசம் 1 மேக்னிட்யூட் என்று வைத்துக்கொள்வோம். 3.1 கணக்கில் ஒளி சுமார் 17 மடங்கு குறைந்திருக்கும்; 5.5 கணக்கில் சுமார் 160 மடங்கு!

ஏன் முக்கியம்?

சூரியனைப் போன்ற இளம் விண்மீன், தொடக்கத்தில் சுருங்கச் சுருங்க மங்கும். அந்தப் பிரகாசத்தை வைத்துத்தான் வயதைக் கணிக்கிறார்கள். தூசியைக் குறைத்து மதிப்பிட்டால், குழந்தை விண்மீனுக்கு வயது கூடிவிடும். அதைச் சுற்றிக் கோள்கள் உருவாக எவ்வளவு காலம் ஆகும் என்ற கணக்கும் சேர்ந்தே தப்பாகும்.