பிரிக்கலாமா, விற்கலாமா? சீல் உடைக்காத கார்டு பெட்டிக்குள் இருக்கும் கணக்கு

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகும் வழியில், கிள்ளையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். டொராண்டோவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய பெரியப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஹாக்கி வீரர்களின் கார்டு பாக்கெட்டுகள் அடங்கிய ஒரு பழைய டப்பா கிடைக்கிறது. ஒரு பாக்கெட்கூடப் பிரிக்கப்படவில்லை. சென்னையில் ஐ.டி. வேலையில் இருக்கும் அண்ணன் போனில் தேடிப் பார்த்துவிட்டு, "அப்படியே வித்துடலாம்" என்கிறார். தம்பிக்குக் கை பரபரக்கிறது: "பிரிச்சுப் பார்ப்போம்ணே. உள்ள கோடி ரூபா கார்டு இருந்தா?"

குடும்பம் கற்பனை. ஆனால் இதே கேள்வி கனடாவில் நிஜமாகவே ஒரு குடும்பத்தின் முன் வந்து நின்றது.

31 கோடி ரூபாய் அட்டைப்பெட்டி

சஸ்காட்செவன் மாகாணத்தின் ரெஜைனா நகரில் ஒரு வீட்டில் கிடைத்தது அந்தப் பெட்டி. ஓ-பீ-சீ நிறுவனம் 1979-80 சீசனுக்காக வெளியிட்ட ஹாக்கி கார்டுகள். 16 டப்பா, டப்பாவுக்கு 48 பாக்கெட், பாக்கெட்டுக்கு 14 கார்டு. மொத்தம் 10,752 கார்டுகள்.

அந்த செட்டில்தான் ஹாக்கி ஜாம்பவான் வெய்ன் கிரெட்ஸ்கியின் முதல் கார்டு, அதாவது 'ரூக்கி கார்டு' இருக்கிறது. குறையே இல்லாதது என்று 10-க்கு 10 தரம் பெற்ற அந்தக் கார்டு ஒன்று 2021-ல் 37.5 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அப்படிப்பட்ட கார்டு எத்தனை இருக்குமோ தெரியாத அந்தப் பெட்டியைக் குடும்பம் பிரிக்கவில்லை. 2024 பிப்ரவரியில் ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில் 37.2 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. அன்றைய மதிப்பில் சுமார் 31 கோடி ரூபாய்.

பிரித்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

செட்டில் 396 வெவ்வேறு கார்டுகள். 10,752-ஐ 396-ஆல் வகுத்தால் சராசரியாக 27 கிரெட்ஸ்கி கார்டுகள் வரலாம். மற்ற கார்டுகளின் விலையை ஒதுக்கிவிட்டால், ஒவ்வொரு கிரெட்ஸ்கியும் ஒரு கோடிக்கு மேல் விலை போனால்தான் 31 கோடி திரும்ப வரும்.

இங்கேதான் சிக்கல். கார்டுகளுக்கு பி.எஸ்.ஏ. போன்ற நிறுவனங்கள் 1 முதல் 10 வரை தரம் போடுகின்றன. முனை மழுங்கினாலோ, படம் நடுவில் இல்லாமல் விலகினாலோ, மேலே கீறல் இருந்தாலோ தரம் இறங்கும், விலை அதைவிட வேகமாக இறங்கும். ஓ-பீ-சீ கார்டுகள் ஓரம் சொரசொரப்பாக வெட்டப்பட்டு வந்தவை. பாக்கெட்டை விட்டு வெளியே வராத கார்டு புத்தம் புதிதாக இருக்கும் என்று நினைப்போம். ஆனால் அச்சகத்திலேயே கோணலாக வெட்டப்பட்டிருந்தால் என்ன செய்ய முடியும்?

அதாவது சீல் பெட்டியின் விலையில் பாதி, உள்ளே இருப்பதற்கு அல்ல, இருக்கலாம் என்ற நம்பிக்கைக்கு. பிரித்த நிமிஷம் அந்த நம்பிக்கை கணக்காக மாறிவிடும். அதைத் திரும்ப ஒட்ட முடியாது.

பிரித்து ஜெயித்தவர்களும் உண்டு

லாஸ் ஏஞ்சலஸ் பகுதியைச் சேர்ந்த 11 வயதுச் சிறுவன் ஒருவன் பிரித்த பாக்கெட்டில் பேஸ்பால் வீரர் பால் ஸ்கீன்ஸின் கார்டு வந்தது. அவர் தன் முதல் ஆட்டத்தில் அணிந்த சட்டையின் துணிச்சின்னம் பதித்த, உலகில் ஒன்றே ஒன்றான கார்டு. அதைத் தந்தால் 30 வருஷத்துக்கு சீசன் டிக்கெட் தருவதாக அவருடைய பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணி அறிவித்தது. குடும்பம் அதை ஏற்கவில்லை. 2025 மார்ச்சில் ஏலத்தில் 11.1 லட்சம் டாலருக்கு, சுமார் 9.5 கோடி ரூபாய்க்கு விற்றது.

ஆனால் ஒரு வித்தியாசம். அது கடையில் சாதாரண விலைக்குக் கிடைக்கும் புதிய பாக்கெட். பிரித்ததால் இழப்பதற்குப் பெரிதாக எதுவும் இல்லை. விளையாட்டு வீரரின் கார்டில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: ஒரு காயம், ஒரு மோசமான சீசன் போதும், விலை சரிய. அந்த வகையில் அந்தக் குடும்பம் சூடு ஆறுவதற்குள் விற்றது புத்திசாலித்தனம்.

பெட்டியே போலியாக இருந்தால்?

யூடியூபர் லோகன் பால் 35 லட்சம் டாலர் கொடுத்து சீல் வைத்த போகிமான் கார்டு பெட்டி ஒன்றை வாங்கினார். அது அசல்தான் என்று ஏற்கெனவே சான்று இருந்தது. 2022 ஜனவரியில் திறந்தபோது உள்ளே ஜி.ஐ. ஜோ கார்டுகள். விளையாட்டுக் கார்டுக்கும் இது பொருந்தும். பாக்கெட்டை எடை போட்டே உள்ளே கனமான சிறப்புக் கார்டு இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் உண்டு. அதனால் உதிரியாக விற்கப்படும் பழைய பாக்கெட்டுகளில் 'நல்லது' முன்பே போயிருக்கலாம்.

பழசு என்றாலே விலை உண்டு என்பதும் தவறு. 1980-களின் கடைசியில் அமெரிக்க நிறுவனங்கள் கார்டுகளை அச்சடித்துத் தள்ளின. அந்தக் காலத்து சீல் டப்பாக்கள் பல இன்றும் சொற்ப விலைதான். நம்மூரில் பபிள்கம்மோடு வந்த கிரிக்கெட் கார்டுகளையும் 90-களின் டிரம்ப் கார்டுகளையும் பரணில் வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்கணும். அரிதாக இருப்பது மட்டும் போதாது, வாங்க ஆள் வேணும்.

சும்மா வைத்திருந்தால்?

அதுவும் ஒரு முடிவுதான், அதற்கும் செலவு உண்டு. பிச்சாவரம் பக்கம் உப்பங்காற்றும் ஈரப்பதமும் காகித அட்டையின் எதிரிகள். அட்டை வளையும், பூஞ்சை பிடிக்கும், ஒன்றோடொன்று ஒட்டும். 2004 சுனாமி, 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்த தானே புயல், 2015 வெள்ளம் என்று கடலூர் மாவட்டம் பார்த்ததை நினைத்தால், டிரங்குப் பெட்டி பாதுகாப்பான லாக்கர் இல்லை. வைப்பதானால் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், வெயில் படாத மேல் அலமாரி. எந்தக் காரணத்துக்காகவும் கார்டை லேமினேட் செய்யக் கூடாது, துடைக்கக் கூடாது, ரப்பர் பேண்ட் போடக் கூடாது.

சரி, எப்படி முடிவெடுப்பது?

ஒரே ஒரு கேள்வி போதும். பெட்டியின் விலை 5 லட்சம் என்றால், அந்த 5 லட்சம் இன்று பணமாகக் கையில் இருந்தால், அதைக் கொடுத்து இதே பெட்டியை வாங்கிப் பிரிப்போமா? "ச்சே, யாராவது வாங்குவாங்களா" என்று தோன்றினால் விற்பதுதான் சரி. ஏனென்றால் இலவசமாகக் கிடைத்த பெட்டியைப் பிரிப்பதும், காசு கொடுத்து வாங்கிப் பிரிப்பதும் கணக்கில் ஒன்றுதான். தவறினால் வீட்டுக் கடனோ தங்கையின் படிப்போ பாதிக்கப்படும் என்றால், யோசிக்கவே வேண்டியதில்லை. சில நூறு ரூபாய் பாக்கெட் என்றால் தாராளமாகப் பிரிக்கலாம், அந்தச் சந்தோஷத்துக்கும் ஒரு விலை உண்டு.

விற்பவர்கள் கவனிக்க: ஏலச் செய்திகளில் வரும் தொகையில் வாங்குபவர் ஏல நிறுவனத்துக்குத் தரும் கட்டணமும் பெரும்பாலும் சேர்ந்திருக்கும். அது விற்பவர் கைக்கு வராது. கூரியர், இன்ஷூரன்ஸ் செலவு தனி. பெரிய தொகை என்றால் வருமான வரி பற்றி ஆடிட்டரிடம் முன்பே கேட்டுவிடுவது நல்லது. சான்று வாங்கும் வரை பெட்டியின் எல்லாப் பக்கங்களையும் படமெடுத்து வைக்க வேண்டும்.

அதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது. கிள்ளை வீட்டில் அண்ணனும் தம்பியும் இவ்வளவு நேரம் வாதாடினார்களே, பெட்டி பெரியப்பாவுடையது. ஏன் இத்தனை வருஷம் பிரிக்காமல் வைத்திருந்தார் என்று அவரிடம் இன்னும் யாரும் கேட்கவில்லை.