தராசுக்கு முத்திரை உண்டு, வைத்தியருக்கு?

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்)

என் தந்தையார் காய்கறிக் கடை வைத்திருக்கிறார். அவருடைய தராசும் எடைக்கற்களும் குறித்த காலத்தில் அரசு முத்திரை பெற்றாக வேண்டும். முத்திரை இல்லாத கல்லில் நிறுத்தால் அபராதம். கால் கிலோ கத்தரிக்காய் வாங்குகிறவர் ஏமாறக் கூடாது என்பதில் அரசுக்கு அவ்வளவு அக்கறை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்தக் கடைக்காரரின் உயிர் எடை போடப்பட்ட இடத்தில் எந்த முத்திரையும் கேட்கப்படவில்லை.

அப்பாவுக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். நாள்தோறும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். சென்ற ஆண்டு ஒருவர் சொன்னதைக் கேட்டு, ஓர் இயற்கை வைத்தியரிடம் போனோம். வாசலில் 'டாக்டர்' என்று பெரிய பலகை. உள்ளே சுவரில், கண்ணாடிச் சட்டத்துக்குள் பொன்னிற முத்திரையுடன் ஓர் ஆங்கிலச் சான்றிதழ். "நீ படிச்சவன், பார்த்துச் சொல்லுப்பா" என்றார் அப்பா. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். படித்துப் பார்த்தேன். "படிச்சவர்தான், அப்பா" என்றேன்.

ஊசியை நிறுத்திவிட்டுப் பழச்சாறு மட்டும் அருந்தச் சொன்னார் அவர். நான்காம் நாள் அப்பாவுக்கு ஓயாத வாந்தி; மேல்மூச்சு வாங்கியது. அவர் மூச்சில் ஒரு வாசனை வந்தது. ஆய்வகத்தில் கண்ணாடிக் குழாய்களைக் கழுவ நாம் பயன்படுத்தும் அசிட்டோனின் வாசனை அது. வாசனையை அறிந்தேனே தவிர, அதன் பொருளை நான் அறியவில்லை. அரசு மருத்துவமனையில்தான் விளக்கினார்கள். இன்சுலின் இல்லாதபோது உடல் சர்க்கரையைப் பயன்படுத்த முடியாமல் கொழுப்பை எரிக்கிறது. அதில் விளையும் கீட்டோன்கள் இரத்தத்தை அமிலமாக்குகின்றன. ஒன்பது நாள் கழித்து அப்பா வீடு திரும்பினார். பிறகுதான் விசாரித்தேன். அந்தச் சான்றிதழ் சில மாத அஞ்சல் வழிப் பயிற்சிக்குக் கொடுக்கப்பட்டது.

இதைக் கேட்டதும் நண்பர்கள் பலர், "இயற்கை மருத்துவமே பித்தலாட்டம்" என்றார்கள். நான் அப்படிக் கருதவில்லை. சென்னை அரும்பாக்கத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் அரசு யோகா மற்றும் இயற்கை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. அங்கே பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டு. அதில் ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. உடற்கூறு, உடலியங்கியல், உயிர்வேதியியல், நோய்க்குறியியல் எல்லாம் படித்த பிறகே நீர் சிகிச்சையும் மண் சிகிச்சையும் உண்ணா நோன்பும் கையாளுகிறார்கள். அவ்வாறு படித்தவருக்கும் அஞ்சலில் சான்றிதழ் வாங்கியவருக்கும் தெருவில் ஒரே மாதிரிப் பலகை தொங்குகிறது என்றால், முதலில் ஏமாற்றப்படுபவர் நோயாளி. அடுத்து ஏமாற்றப்படுபவர் அந்தப் பட்டதாரி மருத்துவர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1970-இல் வந்த இந்திய மருத்துவ மத்தியக் குழுச் சட்டம் சித்தா, ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றை ஒழுங்குபடுத்தியது. 1973-இல் ஓமியோபதிக்குத் தனிச்சட்டம் வந்தது. 2020-இல் பழைய சட்டத்தின் இடத்தில் தேசிய ஆணையச் சட்டம் வந்தபோதும் இயற்கை மருத்துவம் அதில் இடம்பெறவில்லை. பதிவு செய்யும் பொறுப்பு மாநிலங்களிடம் விடப்பட்டது. தமிழ்நாட்டில் பட்டம் பெற்றவர்கள் பதிவு செய்துகொள்ள வழி உண்டு. எல்லா மாநிலங்களிலும் அப்படி இல்லை. பதிவு இருக்கிற இடத்திலும், அது இருக்கிறதா என்று கேட்க வேண்டும் என்பது நோயாளிக்குத் தெரிவதில்லை.

"பதிவு கொடுத்தால், நிரூபிக்கப்படாத சிகிச்சைக்கும் அரசே நற்சான்று கொடுத்ததாகிவிடாதா?" என்று ஒரு விரிவுரையாளர் என்னிடம் கேட்டார். நியாயமான கேள்வி. தராசின் முத்திரை, கத்தரிக்காய் நல்லது என்று சொல்வதில்லை. எடை பொய்யில்லை என்று மட்டுமே சொல்கிறது. அதுபோல் பதிவு என்பது, இவர் இன்னது படித்தவர், இந்த எல்லைக்குள் நிற்பவர், தவறினால் பெயர் நீக்கப்படுபவர் என்ற உறுதிமொழிதான். பதிவேட்டில் இல்லாதவரின் பெயரை எங்கிருந்து நீக்குவது?

எல்லை என்பதே இங்கு முக்கியம். இயற்கை மருத்துவத்தில் காந்தியடிகளைவிடப் பற்றுடையவர் யார்? 1946-இல் உருளிகாஞ்சனில் அதற்கென ஆசிரமமே தொடங்கியவர் அவர். அவரும் 1924-இல் குடல்வால் அழற்சி கண்டபோது, புனே சாசூன் மருத்துவமனையில் ஆங்கிலேய மருத்துவரின் கத்திக்குத் தம் உடலைக் கொடுத்தார்.

ஆகவே நான் வேண்டுவன மூன்று. இயற்கை மருத்துவத்தையும் மத்தியச் சட்டத்துக்குள் கொண்டுவந்து நாடெங்கும் ஒரே பதிவேடு வைக்க வேண்டும். பதிவு எண்ணும் படித்த படிப்பும் பலகையில் தமிழில் எழுதப்பட வேண்டும். பதிவில்லாதவர் 'டாக்டர்' என்று போட்டுக்கொள்ளக் கூடாது. வேறு மருத்துவர் கொடுத்த இன்சுலின் போன்ற உயிர்காக்கும் மருந்தை, அவரைக் கலக்காமல் நிறுத்தச் சொல்வது தண்டனைக்குரிய குற்றமாக வேண்டும். பாட்டி போடும் சுக்குக் கஷாயத்தை இது தடுக்காது. கட்டணம் வாங்கிக்கொண்டு ஊசியை நிறுத்தச் சொல்பவரையே தடுக்கும்.

வள்ளுவர் மருத்துவத்தின் நான்கு கூறுகளுள் நோயாளியின் அருகில் துணை நிற்பவனையும் ஒரு கூறாக வைத்தார். அன்று என் தந்தைக்குத் துணை நின்றவன் நான். எழுத்தை வாசிக்கத் தெரிந்தது. அதன் மதிப்பை அறிய வழியில்லை. நம்மில் பலர் முதல் தலைமுறைப் பட்டதாரிகள். நம் வீட்டார் நம் சொல்லை நம்பித்தான் கையெழுத்துப் போடுகிறார்கள், மருந்து சாப்பிடுகிறார்கள். அரசு பதிவேட்டைத் திறந்து வைக்கட்டும். அதுவரை, நண்பர்களே, சுவரில் தொங்கும் சான்றிதழைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள். பதிவு எண்ணைக் கேளுங்கள். நான் கேட்கவில்லை.